ஹாலுக்குள் வந்த தூரம்

இரவு எட்டு மணி இருக்கும், ரீத்தா தொட்டிலில் கிடந்தபடி ஒரு தடவை இருமினாள், பதினோரு மாதக் குழந்தையின் சின்ன இருமல், நாய்க்குட்டி தும்மியது போல ஒன்று. அடுப்படியில் கேழ்வரகுக் கூழைக் கிண்டிக்கொண்டிருந்த நான் கரண்டியைத் தட்டி வைப்பதற்குள் அதே இருமல் ஹாலின் அந்தக் கோடியிலிருந்து இன்னொரு தடவை கேட்டது. இரண்டாவதாகக் கேட்டதும் அவள் குரல்தான், ஆனால் அவள் இருமவில்லை. மலைப்பாதையில் நின்று பாறையைப் பார்த்துக் கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்து, கொஞ்சம் மெலிந்து திரும்பி வருமே, அப்படி வந்தது. எங்கள் வீடு சாலிகிராமத்தில், இரண்டாவது மாடியில், ஐந்நூற்று நாற்பது சதுர அடி. ஹாலில் ஒரு பீரோ, ஒரு கட்டில், என் தையல் மிஷின், ஜன்னலோரம் கொக்கியில் தொட்டில், இவற்றுக்கு நடுவே நான் பக்கவாட்டில்தான் நடப்பேன். எதிரொலி வந்து தங்குவதற்கு அந்த வீட்டில் இடமே கிடையாது.

அடுப்பை அணைத்துவிட்டுத் தொட்டிலுக்குப் போனேன். அடுப்படி வாசலிலிருந்து தொட்டிலுக்கு நாலு எட்டு, பிள்ளை பிறந்த நாளிலிருந்து இருட்டிலும் தூக்கத்திலும் காய்ச்சலிலும் நடந்து நடந்து என் கால்களுக்கு மனப்பாடமான நாலு எட்டு. அன்று நாலாவது எட்டில் கையை நீட்டினேன், தொட்டில் அகப்படவில்லை. ஐந்தாவது எட்டில்தான் அகப்பட்டது.

“ஏங்க, ஹால்ல எதிரொலி கேக்குது.”

என் கணவர் இன்னாசி வாசலை ஒட்டிய அறையில், ஜன்னலுக்குக் கறுப்புத்துணி அடித்து, இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். “பீரோவை நகத்துனியா?”

“இல்லையே.”

“அப்ப மழை வரும்,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார். மழை வரவில்லை.

அவருடைய வேலை பழைய படங்களைப் புதிதாக்குவது. நாற்பது வருடம் தகர டப்பாவுக்குள் கிடந்து கீறலும் பூஞ்சையும் பிடித்த படச்சுருளைக் கம்பெனியில் ஸ்கேன் செய்து அனுப்புவார்கள், இவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கீறலாக அழித்து, வெளுத்துப்போன சேலைக்குச் சிவப்பையும் வெளுத்துப்போன வானத்துக்கு நீலத்தையும் திருப்பிக் கொடுத்து, ஜனங்கள் வீட்டு டிவியில் போட்டுப் பார்க்கிற டிஸ்க்காக ஆக்கித் தருவார். இந்தத் தடவை வந்தது ‘ஏழு கயிற்றுப் பாலம்’, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்க்கிற த்ரீ-டி படம். நாலு பேர் புதையல் தேடிப் போவார்கள், வழியில் ஒரு பெரும்பள்ளம், அதன்மேல் ஏழு கயிற்றில் ஒரு பாலம், ஒவ்வொரு கயிறாக அறுந்துகொண்டே வரும். அந்தப் பள்ளம் வந்தபோது அந்தக் காலத்தில் தியேட்டரில் இருந்தவர்கள் எல்லோரும் காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டார்களாம். அப்படிப்பட்ட படத்தை இரண்டு கேமராவால் எடுப்பார்கள், இடது கண்ணுக்கு ஒரு சுருள், வலது கண்ணுக்கு ஒரு சுருள். இரண்டும் ஒரு மயிரிழைகூட ஏறி இறங்காமல் ஒட்டி நின்றால்தான் பார்க்கிறவருக்கு ஆழம் தெரியும். பதினாலு ரீல், இரண்டு கண்ணுக்கும் சேர்த்து இருபத்தெட்டு.

அவருக்கு வலது கண்ணில் பார்வை இல்லை. ஒன்பது வயதில் ஊரில் மாதா திருவிழா வாணவேடிக்கையில் ஒரு பொறி விழுந்து போன கண். பார்த்தால் தெரியாது, இரண்டு கண்ணும் ஒன்று போலத்தான் அசையும். ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவருக்குத் த்ரீ-டி படத்தில் பள்ளமும் கிடையாது மேடும் கிடையாது, எல்லாம் சுவரில் ஒட்டிய காலண்டர்தான். இது எனக்குத் தெரியும், கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் இந்த வேலை அவர் கைக்கு வந்திருக்காது. அதனால் அவர் கண்ணை நம்பாமல் கணக்கை நம்பினார், இடது படத்திலிருந்து வலது படம் எத்தனை புள்ளி தள்ளி நிற்கிறது என்று அளந்து அளந்து ஒட்டினார்.

முதல் ரீல் முடிந்த அன்றுதான் இருமல் எதிரொலித்தது. இரண்டாவது ரீல் முடிந்தபோது தொட்டிலுக்கு ஏழு எட்டு. மூன்றாவது முடிந்தபோது பதினாறு. தொட்டிலைக் கழற்றி அடுப்படி நிலையில் கட்டினேன். கட்டில் போனது, பீரோ போனது, ஜன்னல் போய்க்கொண்டே இருந்தது. ஒரு வாரத்தில் அது சுவரில் மாட்டிய படம் அளவுக்கு ஆகி, அடுத்த வாரம் தீப்பெட்டி அளவுக்கு ஆகி, ஆறாவது ரீலில் ஒரு அரிசி மணியாக மினுக்கிவிட்டு ஒருநாள் இல்லாமலே போய்விட்டது. விடிந்து ஊரெல்லாம் வெளிச்சமான பிறகும் எங்கள் ஹாலுக்கு வெளிச்சம் நடந்து வந்து சேர ஏழரை ஆகும். தெருவிலிருந்து பார்த்தால் கட்டடம் பழையபடிதான் இருந்தது, எங்கள் ஜன்னல் எங்கள் ஜன்னலிருந்த இடத்தில், நான் காயப்போட்ட துண்டோடு.

“ஜன்னல் சின்னதாயிருச்சு, அவ்வளவுதானே?” என்றார் அவர், நடு ஹாலில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு. ஆனால் அன்றிரவு கால் வலிக்கிறது என்று தைலம் கேட்டார்.

மாடிவீட்டு பல்கீஸ் அக்கா ஒருநாள் புதினா கேட்டு வந்தாள். வாசலில் நின்று ஹாலை ஒரு பார்வை பார்த்தாள், இடுப்பில் கை வைத்தாள்.

“ஏன்டி ஜெசிந்தா, வீட்டைப் பெருசு பண்ணிட்டீங்க, மேல இருக்கிறவகிட்ட ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா?”

“நாங்க பண்ணலக்கா. அதுவா போகுது.”

“போனா போகட்டும். மெட்ராஸ்ல எவளுக்குக் கிடைக்கும்?”

அவளுக்குச் சர்க்கரை. தினமும் முக்கால் மணி நேரம் நடக்காவிட்டால் காலைக் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கள் தெருவோ மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டி ஒரு வருடமாக அப்படியே கிடந்தது, முந்தின மாசம்தான் அக்கா அதில் ஒரு தடவை விழுந்து எழுந்திருந்தாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினாள், நைட்டிமேல் துப்பட்டாவும் காலில் புது ஷூவுமாக. ஹாலுக்குள் போய்விட்டு ஆறு மணிக்கு வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தாள். அதற்கடுத்த நாள் நாலு பேர். அந்த வாரக் கடைசியில் இருபது பேர். நடக்கிறவர்கள் வந்த பின்னால் பந்து விளையாடுகிறவர்கள் வந்தார்கள், வலை கட்டினார்கள். மொட்டை மாடியில் வெயில் போதவில்லை என்று வடகத்துணிகள் வந்தன, வெயிலே இல்லாத ஹாலுக்கு. தண்ணீர் டிரம், பழைய சைக்கிள், யாரோ ஒருவர் வீட்டில் வைத்துக்கொள்ளவும் மனசில்லாமல் தூக்கிப் போடவும் மனசில்லாமல் இருந்த ஒரு தேக்கு அலமாரி, எல்லாம் வந்தன. யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. எத்தனை மணி வரைக்கும் என்றுதான் கேட்டார்கள்.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் கோதண்டம் சார் போக்குவரத்துக் கழகத்தில் டைம்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார். நடைப்பயிற்சி காலை ஐந்து முதல் ஏழு, மாலை ஆறு முதல் எட்டு. போகிறவர் இடப்பக்கம், வருகிறவர் வலப்பக்கம். வடகத்தை மிதிக்கக் கூடாது. காலை ஐந்து முதல் இரவு ஒன்பது வரை கதவைச் சாத்தக் கூடாது. வெகுதூரம் உள்ளே போய்த் தரையில் கோலமாவால் குறுக்கே ஒரு கோடும் போட்டு, கோட்டுக்கு அப்பால் சங்கம் பொறுப்பல்ல என்று எழுதி வைத்தார்.

“ஏம்மா, உங்களுக்கு ஆட்சேபணை ஒண்ணும் இல்லையே?” என்று என்னிடம் கேட்டார், ஒட்டிய பிறகு.

இருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். “உட்காருங்க சார், காபி போடறேன்,” என்று வந்தது. கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் பத்து வருடம் படித்தவள் நான், வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்கிற பாடம் அங்கே கிடையாது.

ரீத்தா தவழ ஆரம்பித்திருந்தாள். தவழுகிற பிள்ளைக்குச் சுவர் ஒரு வரம். எங்கே போனாலும் போய் முட்டி, அழுது, அங்கேயே உட்கார்ந்திருக்கும். எங்கள் வீட்டில் முட்டுவதற்குச் சுவர் இல்லை. நான் குழம்புக்குத் தாளித்துவிட்டுத் திரும்பினால் அவள் ஒரு வெள்ளைப் புள்ளியாக இருப்பாள், ஓடிப் போய்த் தூக்கி வருவேன். அவள் விழுந்து அழுகிற அழுகை எனக்குக் கேட்கிறபோது அவள் அழுது முடித்திருப்பாள். பழைய சேலைக்கரையைக் கிழித்து முறுக்கி ஒரு முனையை அவள் இடுப்பிலும் ஒரு முனையை என் கால் கட்டைவிரலிலும் கட்டிக்கொண்டு சமைத்தேன், தைத்தேன், ஜெபமாலை சொன்னேன். நடைக்கு வருகிறவர்கள் தடுக்கி விழப் பார்த்தார்கள்.

“பிள்ளையை மாட்டுக்கன்னு மாதிரி கட்டி வச்சிருக்கியே, பாவம்டி,” என்றாள் பல்கீஸ் அக்கா. “இத்தனை பேர் இருக்கோம். எங்க போயிரும்?”

பத்தாவது ரீல் முடிந்த வாரம் ரீத்தா எழுந்து நின்றாள். நின்றவள் நடந்தாள். மற்ற பிள்ளைகள் நடக்கக் கற்றால் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் நடக்கும். இவள் ஜன்னல் இருந்த திசையைப் பார்த்து நடந்தாள். ஒருநாள் சேலைக்கரை அவிழ்ந்துவிட்டது. நாற்பது நிமிடம் கழித்துப் பந்து விளையாடுகிறவர்களில் ஒருவர் தூக்கி வந்து கொடுத்தார், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தாள் என்றார், அங்கே காற்று சிலுசிலுவென்று வருகிறது என்றும் சொன்னார். அவள் கைவிரல்களைப் பிரித்தேன். உள்ளே ஒரு கொத்து தேங்காய்நார், முறுக்குக் கலையாத நார், ஈரமாக.

எங்கள் வீட்டில் கயிறு கிடையாது. கயிறு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அன்று மத்தியானம் பிள்ளையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். “அந்தக் கண்ணாடியைக் குடுங்க. பாலம் வர்ற இடத்தைப் போடுங்க.”

போட்டார். எனக்கு இரண்டு கண்ணும் நல்ல கண். கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பள்ளம் உள்ளே இறங்காமல் குன்று மாதிரி என்னைப் பார்த்துப் புடைத்துக்கொண்டு நின்றது. முன்னால் நிற்க வேண்டிய கதாநாயகன் பின்னாலும், பின்னால் இருக்க வேண்டிய மலை அவன் முன்னாலும் இருந்தன. அவனுடைய மூக்கு, கொலு பொம்மை வார்க்கிற அச்சை உட்புறமாகப் பார்த்தது போல, முகத்துக்குள் குழிந்து போயிருந்தது.

“ரெண்டு கண்ணும் மாறியிருக்குங்க. இடதுக்குப் போக வேண்டியது வலதுக்குப் போகுது. கிட்ட இருக்க வேண்டியதெல்லாம் தூரப் போகுது.”

“டப்பாவுல எழுதியிருக்குடி. இடதுன்னு எழுதினதை இடதுலதான் போட்டிருக்கேன்.”

“எழுதினது யாரு?”

அந்தப் படத்தில் கேமரா உதவியாளராக இருந்த நாச்சியப்பன் காரைக்குடிப் பக்கம் மகன் வீட்டில் இருந்தார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டோம். “நான்தான் எழுதினேன், பெயின்ட்ல,” என்றார் பெருமையாக. “எங்க யூனிட் பூரா நாடகக் கம்பெனி ஆளுங்க தம்பி. நாடகத்துல இடதுன்னா மேடையில நிக்கிறவனோட இடது, பார்க்கிறவனோட இடது இல்ல. நடிகனைப் பார்த்து நின்னு, அவன் இடக்கைப் பக்கம் இருந்த கேமராவுக்கு இடதுன்னு போட்டோம். தியேட்டர்க்காரங்களுக்குத் தனியா ஒரு சீட்டு எழுதி டப்பாவுக்குள்ள வச்சிருந்தோமே, இல்லையா?”

சீட்டைப் பூஞ்சை தின்றிருக்க வேண்டும்.

போனை வைத்துவிட்டு இன்னாசி பிள்ளையை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். ரீத்தா அவர் சட்டைப் பித்தானைத் திருகிக்கொண்டிருந்தாள். “அஞ்சு மாசம் ஜெசி. அஞ்சு மாசமா ஒருத்தன் பார்த்திருக்கான், பள்ளம் குன்றா தெரியுதுன்னு அவனுக்குத் தெரியலையான்னு கேப்பாங்க. ஒரே கேள்விதான். அதுக்கப்புறம் யாரும் எனக்குப் படம் தர மாட்டாங்க.”

“கேக்கறதுக்கு முன்னால மாத்திருங்க.”

மாற்றியிருப்பார். ஆனால் எங்கள் கதவு திறந்தே கிடந்தது, திறந்த கதவுள்ள வீட்டில் எந்தப் பேச்சும் நம் பேச்சு இல்லை. கண்ணை மாற்றினால் ஹால் பழையபடி சுருங்கிவிடும் என்று சாயங்காலத்துக்குள் நாலு மாடிக்கும் தெரிந்துவிட்டது. கோதண்டம் சார் வந்தார், பின்னால் பதினைந்து பேர். அவருடைய மகளுக்கு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம், முந்நூறு பேருக்கு எங்கள் ஹாலில் என்று பத்திரிகையே அடித்துவிட்டார்.

“முந்நூறு பேரும் ஒரே பந்தி இன்னாசி. சாப்பிடறவன் முதுகுக்குப் பின்னால எவனும் இடம் பிடிக்க நிக்க மாட்டான். இந்த ஊர்ல யாராவது பார்த்திருக்காங்களா? ஞாயிறு முடியட்டும், அப்புறம் நீ எந்தக் கண்ணை வேணா எதுக்கு வேணா மாத்திக்கோ.”

“சரி சார்,” என்றார் இன்னாசி. தள்ளிப்போடுவதில் அவருக்கும் ஒரு நிம்மதி. மீதி இருந்த ஒன்றிரண்டு ரீலையும் அந்த வாரமே பழைய முறைப்படி ஒட்டி முடித்தார், கைக்கு வேறு வேலை தெரியாதவர் போல. என்னை யாரும் கேட்கவில்லை. நான் பதினாறு பேருக்கும் காபி போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாழையிலைகள் என் அடுப்படி வாசலில் ஆரம்பித்துக் கண்ணுக்கெட்டின தூரம் வரை போயின. சாம்பார் வாளியோடு போனவர்கள் கடைசி இலைக்குப் போய்ச் சேரும்போது முதல் இலைக்காரர் மோர் கேட்டார். எல்லோரும் உட்கார்ந்த இடத்திலிருந்தே இந்தக் கோடியையும் அந்தக் கோடியையும் எட்டி எட்டிப் பார்த்து, ராஜா வீட்டு விருந்து என்று சொல்லிக்கொண்டார்கள், யார் முதுகுக்குப் பின்னாலும் யாரும் நிற்கவில்லை. எனக்கு எட்டாவது இலை. மடியில் ரீத்தா.

“நீ சாப்பிடும்மா, பிள்ளையை நான் வச்சுக்கறேன்,” என்றாள் ஒன்பதாவது இலையில் இருந்தவள், கழுத்தில் மூன்று சங்கிலி, நல்ல முகம். “வேண்டாங்க,” என்று நான் சொன்னபோது பிள்ளை அவள் மடியில் இருந்தது. கைக்குழந்தையைக் கண்டால் கை நீட்டாதவர் நம்மில் யார், யார் பிள்ளை என்று கேட்பதே தூக்கிக் கொஞ்சி முடித்த பிறகுதானே. நான் குனிந்து இரண்டு கவளம் எடுத்தேன். இரண்டே கவளம். நிமிர்ந்தபோது அந்தப் பெண் பாயசம் குடித்துக்கொண்டிருந்தாள், மடி காலியாக இருந்தது.

“பிள்ளை எங்கங்க?”

“இதோ, பக்கத்துல அக்கா வாங்கினாங்க.”

பக்கத்து அக்காவுக்கு ரசம் வந்துவிட்டது, அவள் தன் நாத்தனாரிடம் கொடுத்தாள். நாத்தனார் ஒரு பெரியவரிடம் கொடுத்தாள். நான் எழுந்து இலைகளின் பின்பக்கமாக நடந்தேன், பிறகு வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன். எச்சில் கையை உதறக்கூட இல்லை. “இப்பத்தாம்மா அந்த நீலச் சட்டைகிட்ட குடுத்தேன்.” “என்னா அழகா சிரிக்குது உங்க பொண்ணு, அந்தப் பக்கம் போச்சு.” “அழவே இல்லம்மா, சமத்து.” அறுபதாவது இலை, நூறாவது இலை, நூற்றைம்பதாவது இலை. யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் பிள்ளையைத் தரையில் விடவும் இல்லை, ஒவ்வொருவரும் பத்திரமாக, இரண்டு கையாலும், அடுத்தவர் மடியில் வைத்துவிட்டுத்தான் அப்பளத்தை நொறுக்கினார்கள். முந்நூறாவது இலையில் இருந்தவருக்கு மட்டும் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

“இங்கதாம்மா எறக்கி விட்டேன்,” என்றார், மீசையில் பாயசத்தோடு. “அவங்கம்மா அந்தப் பக்கம் இருக்காங்க போலன்னு நெனைச்சேன். பிள்ளை அப்படித்தானே கையை நீட்டிச்சு.”

அந்தப் பக்கம் போனேன். பந்து வலையைத் தாண்டி, வடகத்துணியைத் தாண்டி, தேக்கு அலமாரியைத் தாண்டி, கோலமாவுக் கோட்டைத் தாண்டிப் போனேன். பந்தியின் இரைச்சல் முதுகுக்குப் பின்னால் தேய்ந்து தேய்ந்து கொசு ரீங்காரமாகி நின்றுவிட்டது. காலடியில் எங்கள் வீட்டு மொசைக் தரைதான், அதே சாம்பல், அதே கறுப்புப் புள்ளி, நான் தினம் துடைக்கிற அதே தரை துடைக்காத தூசியோடு போய்க்கொண்டே இருந்தது. காற்று வந்தது. காற்றோடு ஒரு சத்தம் வந்தது, கனமான எதையோ கட்டித் தொங்கவிட்ட கயிறு அசைகிற சத்தம். வெளிச்சம் மஞ்சளாயிற்று, இன்னாசி ஒரு மாதம் உட்கார்ந்து சரிசெய்த அந்தப் படத்தின் சாயங்கால மஞ்சள்.

மொசைக் ஓரிடத்தில் முடிந்தது. அதற்கப்புறம் தரை இல்லை. ஏழு கயிறு இருட்டுக்குள் போயிற்று.

ரீத்தா விளிம்புக்கு நாலு மொசைக் கல் இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்து எட்டு. என் காலடி கேட்டுத் திரும்பிப் பார்த்தாள், பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு, முழங்கால் இரண்டையும் லேசாக மடக்கினாள். எந்தத் தாய்க்கும் அந்த மடக்கல் தெரியும். துரத்து, நான் ஓடுகிறேன் என்று அர்த்தம். நான் ஒரு எட்டு வைத்தால் அவள் இரண்டு எட்டு வைப்பாள். பெயரைச் சொன்னாலும் ஓடுவாள். சேசுவே என்று முனகினாலும் ஓடுவாள்.

நான் அவளுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தேன்.

உட்கார்ந்து, குனிந்து, தரையில் ஏதோ கிடக்கிற மாதிரி விரலால் கிளறினேன். ஒன்றும் இல்லை, தூசி. வளையலைக் கழற்றித் தரையில் உருட்டிப் பார்த்தேன், மறுபடி உருட்டினேன், அதில் என்னவோ அதிசயம் இருக்கிற மாதிரி ‘ஓ’ என்றேன். வளையல் கோணலாக ஓடியது. பின்னால் சிரிப்பு நின்றது. பின்னால் கயிறு முனகியது. ஒரு பிள்ளை விழுந்தால் சத்தம் கேட்குமா, அவ்வளவு ஆழத்துக்கு விழுந்தால் எப்போது கேட்கும், நாளைக்கா, திரும்பிப் பார்க்காதே ஜெசிந்தா, திரும்பாதே, திரும்பினால் ஓடும், வளையலைப் பார், வளையல் எவ்வளவு அழகு பார். அருள்நிறைந்த மரியே என்று ஆரம்பித்தேன், அடுத்த வார்த்தை வரவில்லை, பதினைந்து வருடமாகத் தினம் சொன்ன ஜெபத்தில் அடுத்த வார்த்தை வரவில்லை. வளையலை உருட்டினேன். எடுத்தேன். உருட்டினேன்.

முதுகில் ஒரு கை விழுந்தது. ஈரமான, பாயசம் ஒட்டின, ஐந்து விரல் கை. அது என் ரவிக்கையைப் பிடித்துக்கொண்டு, எட்டிப் பார்த்து, வளையலுக்காக இறங்கியபோது நான் அதைப் பிடித்தேன்.

திரும்பி வந்தபோது பந்தி முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தார்கள். “கெடைச்சிருச்சா? நாங்கதான் சொன்னோமே,” என்றார்கள். மூன்று சங்கிலிக்காரி ரீத்தாவின் கன்னத்தைக் கிள்ளி முத்தம் வைத்தாள். பல்கீஸ் அக்கா மட்டும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

நாலு மணிக்குப் பாத்திரங்களை இறக்கிய பிறகு கோதண்டம் சார் மிச்ச லட்டுகளோடு அறைக்கு வந்தார். மூன்றாவது மாடியில் அடுத்த மாசம் வளைகாப்பு, அவர்கள் ரொம்ப ஆசைப்படுகிறார்கள் என்றார். இன்னாசி தலையைச் சொறிந்தார். “பார்க்கலாம் சார்,” என்றார்.

அவர் போனதும் நான் அறைக்குள் போய் நின்றேன். விளிம்பில் என்ன பார்த்தேன் என்று சொன்னேன். பயத்தில் குரல் உயரவில்லை, இறங்கித்தான் போயிற்று, அவர் காதைக் கிட்டக் கொண்டுவந்து கேட்டார்.

“இப்ப மாத்துங்க,” என்றேன்.

“மாத்தினது சரியான்னு நான் எப்படிப் பார்ப்பேன் ஜெசி? இத்தனை நாள் தப்பையே பார்க்கத் தெரியல.”

“நான் பார்க்கறேன். இனிமே எல்லாப் படத்துக்கும் நான் பக்கத்துல உட்கார்ந்து பார்க்கறேன். கம்பெனியில கேட்டா, எனக்கு ஒரு கண்ணுதான், மத்ததை என் பொண்டாட்டி பார்க்கறான்னு சொல்லுங்க.”

அவர் என்னை முழுசாகத் திரும்பிப் பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டார்.

மாற்றுவது பெரிய வேலை இல்லை, இடதுக்கு வலதின் பெயர், வலதுக்கு இடதின் பெயர். பதினாலு ரீலையும் மிஷின் மறுபடி சேர்க்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நான் கண்ணாடி போட்டு, பிள்ளையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பள்ளம் பள்ளமாக இறங்கியது. மூக்கு மூக்காக வெளியே வந்தது. வெளியே ஹாலில், சீட்டுக்கட்டைத் தரையில் தட்டித் தட்டி ஒழுங்கு பண்ணுகிற மாதிரி ஒரு சத்தம், தூரத்தில் ஆரம்பித்துக் கிட்டக் கிட்ட வந்தது. அரிசி மணி வந்தது, தீப்பெட்டி வந்தது, ஜன்னல் வந்தது, ஜன்னலில் துண்டு வந்தது. எல்லார் சாமானும் ஜன்னலடியில் குவிந்து கிடந்தது, வடகம் நொறுங்கி, வலை சுருண்டு, தேக்கு அலமாரி என் பீரோமேல் சாய்ந்து, யார் யாருடையதோ ஒன்பது செருப்பு. தொட்டிலை எடுத்துப் பழைய கொக்கியில் மாட்டிவிட்டு அடுப்படி வாசலிலிருந்து நடந்து பார்த்தேன். நாலு எட்டு. இன்னொரு தடவை நடந்தேன்.

ஆறு மணிக்கு நடக்கிறவர்கள் வந்தார்கள். வாசலில் நின்று பார்த்தார்கள். திட்டவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. துக்க வீட்டில் நிற்பது போல நின்றார்கள், தங்கள் சாமானை வாங்கிக்கொண்டார்கள். “சொல்லியிருக்கலாமேம்மா,” என்றார் கோதண்டம் சார். நோட்டீஸைக் கிழியாமல் உரித்துச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். மற்றவர்களும் போனார்கள். பல்கீஸ் அக்கா போகவில்லை. நிலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள், காலில் அந்த ஷூ, இப்போது குதிகால் தேய்ந்திருந்தது.

“எனக்குச் சர்க்கரை எறங்கியிருந்துச்சு ஜெசிந்தா. போன வாரம் டாக்டரே ஆச்சரியப்பட்டாரு. அந்த ரோட்டுல நான் எங்கடி நடப்பேன்?”

“அக்கா.”

“ஒரு மணி நேரம். காலையில ஒரே ஒரு மணி நேரம் மாத்தி வைக்கச் சொல்லேன். பிள்ளையை நான் இடுப்புலயே வச்சுக்கறேன், எறக்கவே மாட்டேன். அல்லா மேல ஆணையா எறக்க மாட்டேன்.”

இறக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அவள் கையில் கொடுத்துவிட்டு நான் தூங்கக்கூட முடியும். அவளுக்கு ஃபோன் வரும், மூச்சு வாங்கும், கூட நடக்கிற யாரோ நீ களைச்சிட்டே, கொஞ்சம் என்கிட்ட குடு என்பார்கள். அறைக்குள்ளிருந்து நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. இன்னாசி எழுந்து நிற்கிறார், அக்காவுக்காக மனசு இளகி, ஒரு மணி நேரம்தானே என்று சொல்லப் போகிறார்.

“கையை எடுங்கக்கா,” என்றேன். “கதவைச் சாத்தணும்.”

அவள் என்னையே பார்த்தாள். நிலையில் இருந்த கையை எடுக்க ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள், விரல் விரலாக. நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே கதவைச் சாத்தினேன், கடைசி இடுக்கு வரைக்கும் பார்த்துக்கொண்டே சாத்தினேன். நோட்டீஸ் ஒட்டியதிலிருந்து இரவில்கூடப் போடாத தாழ்ப்பாள் துருவேறி நகர மறுத்தது. ரீத்தாவை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, உள்ளங்கையால் மூன்று தடவை குத்தி, நாலாவது தடவையில் போட்டேன்.